எல்லாப் பட்டியலிலும் இருந்தவர்

“மாட்ட எங்க கட்டியிருக்கீங்க?” என்று கேட்டுக்கொண்டே அந்த மனிதர் என் கடைக்குள் வந்தார். கையில் ஓர் ஐஸ் பெட்டி. பால் சங்கத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாள் அது. என் கடையோ ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற போட்டோ கொப்பிக் கடை. இரண்டு பேர் உள்ளே வந்து குடையை உதறினால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். அதில் மாட்டுக்கு நான் எங்கே போவேன்? பட்டியலைக் காட்டச் சொன்னேன். சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது. மாட்டின் பெயர் என்ற இடத்திலும் அதே பெயர்தான். நிறம், மாநிறம். விலாசம், என் கடை.

திரும்பிப் பார்த்தேன். கொப்பி மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணி கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“அது நான்தாங்க. ஊசி வேணாம், வரிய மட்டும் எடுத்துருங்க” என்றார். வந்தவர் குழம்பிப்போய்ப் போனதும் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம். “பாத்தீங்களா நானா? நானே வந்திருக்கேன்னா ஒரு மாடு கூட விடுபடல.”

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்திலும் வேண்டாத இடத்திலும் அவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஊர் அவரை மிஸ் என்றது. நானும் மிஸ் என்றேன். அவர் என்னை நானா என்றார், முஸ்லிம் அண்ணன்மாரை ஊர் அப்படித்தான் கூப்பிடும். என்னைவிடச் சில வயது இளையவர். கடையின் பின்மேசையை வாடகைக்கு எடுத்திருந்தார். இப்போது அதே மேசையில் லெமினேட் மெஷின் இருக்கிறது. அது சத்தம் போடாது, வாய் பேசாது, எனக்கு அதைப் பிடிக்கவும் இல்லை.

அவர் செய்த வேலையை என் வாப்பாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தோட்டப்புறத்துச் சங்கங்கள், முன்பள்ளிகள், கிளினிக்குகள் எல்லாரிடமும் ஆட்களின் விவரம் இருக்கிறது. பெரிய டேட்டாபேஸ் வைத்துக்கொள்ள வசதி இல்லை. இருப்பதெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஆளுக்கு ஒரு வரி. பெயர், கமா, லயம், கமா, வயது, கமா, போன் நம்பர். லயம் என்றால் தோட்டத்துத் தொடர்வீடு, அதில் ஓர் அறைதான் காம்பரா. மிஸ் ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் மொழியில் நாலு வரி எழுதி, அந்த ஏழைக் கோப்பை ஒரு பெரிய டேட்டாபேஸாகவே நடத்துவார். இந்த மாதம் எந்தப் பிள்ளைகளுக்கு ஊசி, யாருக்கு அறுபது வயது முடிந்தது என்று அதனிடம் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பெயர் குவெரி. கோப்பு சரியாகப் பதில் சொன்னால் சங்கத்துக்காரர் சந்தோஷமாகப் போவார். எடக்குமடக்காகச் சொன்னால் மிஸ் அன்றைக்குப் பகல் சாப்பிட மாட்டார்.

எல்லாவற்றையும் கேட்ட வாப்பா, “அப்ப கங்காணி வேலைண்டு சொல்லு. பெரட்டுல பேர் கூப்பிடுறதுதானே இது” என்றார். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். இதை மிஸ்ஸிடம் சொன்னேன். கோபம் வரும் என்று பார்த்தால், “ஒங்க வாப்பாவுக்கு வெளங்கினது இந்த ஊர்ல எந்த ஆப்பிஸருக்கும் வெளங்கல நானா” என்றார்.

ஊதா நிறக் கம்பளித் தொப்பி ஒன்று வைத்திருந்தார். ஹட்டனில் வெயில் கொளுத்துகிற நாளிலும் அதைக் கழற்ற மாட்டார். ஸ்வெட்டர் கைகளை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு டைப் பண்ணுவார். பிளேன்டீ வரவழைத்துப் பக்கத்தில் வைப்பார். அது ஆறி, பனி படிந்தபின் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஆ, சூடு சரியா இருக்கு” என்பார். அவருக்குச் சூடு தெரியாதா, அல்லது பொய் சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய பரம எதிரி கட்டம். அதாவது, கணினியில் கட்டம் கட்டமாகத் திறக்கும் அந்த ஸ்ப்ரெட்ஷீட். கமா போட்ட கோப்பை அதில் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் சேமித்து மூடினாலும் போதும், அது தன் இஷ்டத்துக்கு எதையாவது மாற்றிவிடும் என்பார். ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் முதியோர் சங்கத்துக் கோப்பை அப்படித் திறந்து மூடியதில் எல்லாப் போன் நம்பருக்கும் முன்னால் இருந்த சைபர் பறந்துவிட்டது.

“ஐயா, எங்க போச்சு சைபர்?” என்று மிஸ் கேட்டார்.

“சைபருக்கு மதிப்பு இல்லைதானே” என்றார் கிளாக்கர். நாற்பது வருடம் தோட்டக் கணக்கு எழுதியவர்.

“மதிப்பு இல்லதான். ஆனா அது இல்லாம கோல் போகாதுங்கய்யா.”

இன்னொரு முறை ஒரு முன்பள்ளிக் கோப்பு. ஐந்து வயது முடிந்த பிள்ளைகளைக் கேட்டால் ஒரு பிள்ளை கூட வரவில்லை. மிஸ் முன்பள்ளி டீச்சரைப் போனில் பிடித்தார். “டீச்சர், ஒங்க புள்ளைங்களுக்கு என்ன வயசு? இங்க ‘மூணாம் லயம்’னு வருது.” விஷயம் இதுதான். டீச்சர் விலாசத்தை ஒழுங்காக எழுதியிருந்தார். கீழ் டிவிசன், கமா, மூன்றாம் லயம், கமா, காம்பரா நம்பர். கோப்புக்கு ஒவ்வொரு கமாவும் ஒரு புது நிரல். அதனால் லயம் வயதின் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கொழும்பில் ஒரு தெருவும் ஒரு நம்பரும் உள்ளவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது. லயத்துக் காம்பராவுக்கு வழி சொல்ல நமக்கு எத்தனை கமா வேண்டியிருக்கிறது! விலாசத்தின் இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு மிஸ் அதைக் கட்டி வைத்தார். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவர்களோடு, ஐந்து வயது முடிந்தவராக, மிஸ்ஸும் வந்தார்.

அதுதான் அவருடைய குணம். எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் முதல் வேலையாகத் தன்னை அதில் ஒரு வரியாக எழுதிவிடுவார். பிறகுதான் குவெரி. பதிலில் தன் பெயர் வந்தால் குவெரி சரி. வராவிட்டால் பிழை. வேலை முடிந்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். அழிக்க மறந்துவிடுவது அவருடைய பழக்கம்.

அதனால் எங்கள் பிரதேசத்தில் அவர் அடையாத நிலை இல்லை. முதியோர் சங்கம் அவருக்கு இலவச மூக்குக்கண்ணாடி அனுப்பியது. முதலாம் வகுப்பில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் வந்தது. மரண உதவிச் சங்கத்துக் கோப்பில் தன்னை இறந்தவராகப் போட்டிருந்தார். சங்கத் தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மாலையோடு கடைக்கு வந்துவிட்டார். உயிரோடு இருந்த பிரேதம் எழுந்து நின்று அவருக்கு டீ சொன்னது. மாலையை வீணாக்க வேண்டாம் என்று கொப்பி மெஷினுக்குப் போட்டார்கள். அன்று முழுக்க மெஷினில் ஒரு தாள் கூடச் சிக்கவில்லை.

கர்ப்பிணிகள் கோப்பில் நடந்ததுதான் கொஞ்சம் ஓவர். மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மிட்வைஃப் நோனா பட்டியலோடு கடைக்கே வந்து, எத்தனை மாதம் என்று சிங்களத்தில் சத்தமாகக் கேட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் மிஸ்ஸின் வயிற்றைப் பார்த்தார்கள். அந்தச் செய்தி லிந்துலையில் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டுக்கு பஸ் போவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. நான் வெட்கத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அதெல்லாம் இல்லை. “நோனா, ஆறாம் மாசத்துக்கு மேல உள்ளவங்களத்தான் கேட்டேன். நான் ஏழாம் மாசம்னு போட்டேன். சரியா வந்திருக்கேன்” என்று தமிழும் சிங்களமுமாகப் பெருமையோடு விளங்கப்படுத்தினார்.

நோனா போன பிறகு எனக்குக் கோபமே வந்துவிட்டது. “ஏன் மிஸ், ஒரு பொய்ப் பேரைப் போட்டுச் சோதித்தால் ஆகாதா? ஊர் வாயில் விழ வேணுமா?” என்று கேட்டேன்.

“பொய்ப் பேரு காணாமப் போனா யாருக்கு வலிக்கும்? என் பேரு வரலைன்னா எனக்குச் சுருக்குனு இருக்கும். அப்பத்தான் தேடுவேன்” என்றார். கொஞ்ச நேரம் எதையோ டைப் பண்ணினார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எங்க அப்பா பேரு ரொம்ப காலமா ஒரு லிஸ்டுலயும் இல்ல நானா. ஓட்டு லிஸ்டுலயும் இல்ல. நாடில்லாத ஆளுன்னாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல மட்டும்தான் பேரு இருந்திச்சு.”

அதன் பிறகு அவரை நான் கேலி பண்ணுவதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவருக்கும் அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் அடிக்கடி சொல்வார். “எரர் வந்தா பயப்படாதீங்க. அது சண்டை போடுது. சண்டை போடுறவங்ககிட்டப் பேசித் தீத்துக்கலாம். ஒண்ணும் வரலைன்னு சும்மா கையை விரிக்குது பாருங்க, அதுதான் பயம்.” வெறும் பதில் வந்தால் விடவே மாட்டார். ஒரு வரியாவது வந்தால்தான் மூச்சு விடுவார். அந்த ஒரு வரி அவராகவே இருக்கும் என்பதை நாங்கள் யோசித்ததே இல்லை. அவரும் யோசிக்கவில்லை.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மேல் டிவிசன் லயங்களுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, ஆபத்தான வீடுகளுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்கு மஞ்சள் என்று குறித்துவிட்டுப் போனார்கள். வேறு வீடு தருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்கள். வீடு வரும்வரை என்ன செய்வது என்று தோட்டத்து இளைஞர் சங்கச் செயலாளர் மிஸ்ஸிடம் வந்தார். ஏற்பாடு சுலபமானது. மழைமானியில் தண்ணீர் கோட்டைத் தாண்டினால் செயலாளர் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். மிஸ்ஸின் ஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து சிவப்பு வீடுகளை மட்டும் பொறுக்கி, கீழே பாடசாலைக்குப் போகச் சொல்லி மெசேஜ் அனுப்பும். மழைக்கெல்லாம் எல்லாரையும் ஓட வைத்தால் ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போகும், அப்புறம் யாரும் ஓட மாட்டார்கள் என்று அந்தத் தோட்டத்துச் செல்லம்மா சொல்லியிருந்தார். செல்லம்மா மேல் டிவிசனில் கடைசிக் காம்பராவில் இருப்பவர். அவருடைய அடுப்படிச் சுவரில்தான் வெடிப்பு கை நுழைகிற அளவுக்கு இருந்தது.

கோப்பைத் தோட்ட ஆபீஸில் யாரோ கட்டத்தில் போட்டுத் தந்திருந்தார்கள். மிஸ் திட்டிக்கொண்டே அதை வாங்கினார். சைபர் இருக்கிறதா, கமா இருக்கிறதா என்று எல்லாம் பார்த்தார். பிறகு வழக்கம்போலத் தன்னையும் மேல் டிவிசனில் குடியேற்றினார். முதல் லயம், முதல் காம்பரா, சிவப்பு. சோதனைக்கு என்று எல்லாரையும் பயமுறுத்த வேண்டாமே என்று, பதிலில் வருகிற முதல் பெயருக்கு மட்டும் மெசேஜ் போகும்படி செய்து ஓடவிட்டார். முதல் பெயர் அவர்தான். மேசை மேல் இருந்த அவருடைய போன் ‘டிங்’ என்றது. செயலாளர் கை தட்டினார். நானும் தட்டினேன். செல்லம்மா ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தனுப்பியிருந்தார், எல்லாரும் தின்றோம். முதல் பெயர்தான் கடைசிப் பெயரும் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

மழை தொடங்கி விடாமல் அடித்தது. ஒருநாள் பகல் நேரம், கடையில் கொப்பி எடுக்க நின்றவர்கள் மழைக்குப் பயந்து வெளியே போகாமல் உள்ளேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மிஸ்ஸின் போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தார். மேல் டிவிசன் சிவப்பு வீடுகள் உடனே பாடசாலைக்குப் போகவும் என்று இருந்தது. எனக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் அதைத் தூக்கிக் காட்டினார்.

“அப்ப நீங்க இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீங்க? உங்க வீடும் சிவப்புத்தானே. ஓடுங்க” என்றேன்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே செல்லம்மாவுக்கு ஒரு கோல் போட்டார். செல்லம்மா ஓடுகிற சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். எனக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“மெசேஜா? ஒண்ணும் வரலியே மிஸ்” என்றது செல்லம்மாவின் குரல். “கெழங்கு அவிச்சிக்கிட்டிருக்கேன். மழ பேயுது இங்க.”

“பக்கத்துக் காம்பராவுல கேளுங்க செல்லம்மா. யாருக்காச்சும் வந்திச்சா?”

சுவரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்துக் காம்பராவில் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை.

மிஸ்ஸின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. “கெழங்க விட்டுட்டு எந்திரிங்க. லயத்துல எல்லாரையும் கெளப்புங்க. பள்ளிக்கூடத்துக்குப் போங்க. இப்பவே!” என்று போனில் கத்திவிட்டு, குவெரியை ஓடவிட்டார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

“நானா, நான் மட்டும்தான் வர்றேன்” என்றார்.

காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கட்டத்தில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நிறம்தான் கடைசி நிரல். மனிதர் கண்ணுக்குச் சிவப்பு என்று தெரிந்தது, ஸ்கிரிப்டுக்குச் சிவப்பும் இன்னும் ஏதோ ஒன்றும். இரண்டும் ஒன்றல்ல என்று அது எல்லாரையும் தள்ளிவிட்டது. மிஸ் தன் வரியை மட்டும் தன் கையால், சுத்தமாக, டைப் பண்ணியிருந்தார். அதில் அந்தக் குறி இல்லை. அவர் கோப்பில் இல்லாமலே இருந்திருந்தால் பதில் வெறுமையாக வந்திருக்கும். அவருக்கு உடனே பயம் வந்திருக்கும். அவர் இருந்ததால் பயம் வரவில்லை.

அந்தக் குறியைக் கழற்றும் வரியை எழுத அவருக்கு நேரமே ஆகவில்லை. மறுபடி ஓடவிட்டார். சிவப்பு வீடுகள் எல்லாம் மளமளவென்று வந்தன. “அனுப்பிட்டேன்” என்றார்.

“அப்ப சரிதானே?”

“தெரியாது நானா.” கொப்பி மெஷினைக் காட்டினார். “இனி நான் இத நம்ப மாட்டேன். கோப்ப அப்படியே பிரின்ட் எடுங்க. முழுசா எடுங்க.”

எடுத்தேன். கடையில் நின்றவர்களிடம் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்தார். பாடசாலை ஆசிரியர் ஒருவர், பேங்கில் வேலை செய்யும் ஒரு பெண், முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர், நான். மஞ்சளோ சிவப்போ, தாளில் இருக்கிற நம்பருக்கெல்லாம் கோல் எடுக்கத் தொடங்கினோம். முச்சக்கரவண்டிக்காரர் சிங்களவர், தமிழ் அரைகுறை. “அம்மா, துவன்ன, துவன்ன! ஸ்கூலுக்கு ஓடு!” என்று ஒவ்வொரு நம்பருக்கும் அதையே கத்தினார். எங்கள் எல்லாரையும் விட அவருக்குத்தான் சீக்கிரம் முடிந்தது. அங்கே செல்லம்மா ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு லயம் லயமாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்து செல்லம்மா எங்களுக்குப் பேசினார். மிஸ் அவரை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். அந்தப் பக்கம் மழை இரைச்சலுக்கு நடுவே ‘இருக்கேன்’, ‘இருக்கோம்’ என்று பதில் வந்தது. சிலர் பழக்கத்தில் பெரட்டுக்குச் சொல்வது போலவே சொன்னார்கள். மிஸ் வாசித்துக்கொண்டே போய் ஒரு பெயரில் நின்றார். அந்தப் பக்கம் பதில் இல்லை. நான் எட்டித் தாளைப் பார்த்தேன். பிறகுதான் அது யாருடைய பெயர் என்று விளங்கியது.

“அவங்க அங்கிட்டு பத்திரமா இருக்காங்க மிஸ்” என்றார் செல்லம்மா. பாடசாலை முழுக்கச் சிரித்தது. எங்கள் கடையும் சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். நரைமுடி நிறைய இருந்தது.

பொழுது சாய்வதற்குள் மலை இறங்கியது. செல்லம்மாவின் காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் மரக்கறித் தோட்டங்களும் மண்ணுக்குள் போயின. ஆட்கள் ஒருவரும் போகவில்லை.

பிறகு கூட்டம் வைத்தார்கள். எச்சரிக்கைத் தொழில்நுட்பத்தைப் பாராட்டிப் பேசினார்கள். மிஸ்ஸை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட வந்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “செல்லம்மாவுக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் பொரிந்து தள்ளினார். “சிஸ்டம் என்னத்தச் செஞ்சிச்சு? சிஸ்டம் என்னயக் காப்பாத்திச்சு. நான் ஹட்டன்ல ஒங்க கடையில டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

“ஆறிப்போன டீ” என்றேன். அவர் என்னை முறைத்தார். அந்த முறைப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு அவர் எல்லாக் கோப்பிலிருந்தும் தன்னை எடுத்துவிட்டார். மாடு, பிள்ளை, கிழவி, கர்ப்பிணி, பிரேதம் எல்லாம் ஒரே வாரத்தில் ஒழிந்தன. கடைக்கு அவரைத் தேடி வருகிற விசித்திரமான ஆட்கள் நின்றார்கள். எனக்கு அது கவலையாக இருந்தது. அதற்குப் பதிலாகப் புதுப் பழக்கம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். எத்தனை வரி வந்தது என்று விரல்விட்டு எண்ணுவார். மேல் டிவிசன் கோப்பை ஓடவிடும்போதெல்லாம், கடைசி வரியில் இருக்கிற செல்லம்மாவுக்குக் கோல் எடுத்து மெசேஜ் வந்ததா என்று கேட்பார். வெயில் அடிக்கிற நாளிலும் கேட்பார்.

“கொழுந்து எடுக்கிற நேரத்துல ஓடுன்னு மெசேஜ் வருது. பொறகு சும்மாதான்னு கோல் வருது. இந்த மிஸ் என்னய ஒருநாள் சாகடிக்கப்போகுது மொதலாளி” என்று செல்லம்மா ஒருமுறை என் கடையில் வந்து சலித்துக்கொண்டார். அவருக்கு அதே லயத்தில் நடுவில் ஒரு காம்பரா கொடுத்திருந்தார்கள். ஆம், அதே லயத்தில்தான். பாடசாலை திறக்க வேண்டும் என்று ஆட்களை அனுப்பிவிட்டார்கள். போக வேறு இடம் இல்லாததால் எல்லாரும் திரும்பிப் போனார்கள். தருவதாகச் சொன்ன வீடுகள் வரவில்லை.

மிஸ்ஸுக்குக் கொழும்பில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அண்ணன் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்றார். போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மேல் டிவிசன் கோப்பைச் செயலாளரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு முறையும் வரிகளை எண்ணச் சொல்லி அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் ரயில் ஏறினார். கொழும்பு வெக்கையில் அந்தத் தொப்பியை என்ன செய்கிறாரோ தெரியாது. கேட்டால், குளிர்கிறது என்றுதான் சொல்வார்.

போன மாதம் செல்லம்மா கடைக்கு வந்தார். கொப்பி எடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.

“மிஸ் போனதுக்குப் பொறகு யாரும் கூப்புடுறதே இல்ல மொதலாளி. ஒரு மெசேஜும் இல்ல. மழ வேற தொடங்கப்போகுது” என்றார். “நாங்க இன்னும் அதுல இருக்கோமா?”

எனக்குத் தெரியவில்லை. கொழும்புக்குக் கோல் எடுத்தேன். மிஸ் முழுதாகக் கேட்டார். “செயலாளர்கிட்டப் பேசிட்டு ஓடவிடுறேன். அவங்கள அங்கயே நிக்கச் சொல்லுங்க” என்றார்.

நின்றோம். டீ வரவழைத்தேன், செல்லம்மா குடிக்கவில்லை. போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ ஆறுவதற்குள் அது ‘டிங்’ என்றது. கண்ணாடி இல்லை என்று என்னிடம் நீட்டினார். சத்தமாக வாசித்தேன். மேல் டிவிசன் சிவப்பு வீடுகள் உடனே பாடசாலைக்குப் போகவும். இது சோதனை மட்டும்.

செல்லம்மாவின் முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். “அப்ப சரி, இருக்கோம்” என்றார். போனைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, மழை பிடிப்பதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பொகவந்தலாவை பஸ்ஸுக்கு ஓடினார்.